ராணித் தலை ரூபாய்

எங்கள் திலக் நகரில் வீட்டுவசதி வாரியம் கட்டிய பழைய கட்டடங்கள் ஒவ்வொன்றாக இடிபட்டு, அவ்விடங்களில் மாடி மேல் மாடியாகப் புதுக் கட்டடங்கள் எழுந்து வருவதை அன்பர்கள் அறிவார்கள். வீட்டைக் காலி செய்யும்போதுதான் அந்த வீட்டில் என்னென்ன இருந்தன என்பது வீட்டுக்காரருக்கே தெரிய வருகிறது. 2025-ஆம் ஆண்டுக் கோடையில் அடுத்த கட்டடத்து அம்மையார் ஒருவர் தம் மாமியாரின் தகரப் பெட்டியை ஒழித்துக்கொண்டிருந்தார். திருநெல்வேலிச் சீமையில் பிறந்து, மணமாகி இந்நகருக்கு வந்து அறுபது ஆண்டு வாழ்ந்தவர் அவர். பெட்டியின் அடியில், மடித்த கண்டாங்கிச் சேலைக்குள், ஒரு சுருக்குப் பை இருந்தது. பையில் இருபத்தேழு வெள்ளி ரூபாய்கள் இருந்தன.

புது வீடு கைக்கு வரும்வரை வாடகை வீட்டில் இருக்க வேண்டும். அதற்கு முன்பணம் வேண்டும். ஆகவே அம்மையார் பையோடு ஒரு கடைக்குச் சென்றார். கடைக்காரர் இருபத்தேழையும் ஒரே தட்டில் கொட்டி நிறுத்து, "எல்லாம் பாதிக்குப் பாதி வெள்ளி அம்மா" என்று சொல்லி ஒரு தொகையைக் கூறினார். அந்த அம்மையாருக்கு எழுத்துப் பழக்கம் குறைவு. ஆனால் ஏமாறும் பழக்கம் அறவே இல்லை. "மகனைக் கேட்டுக்கொண்டு வருகிறேன்" என்று பையை எடுத்துக்கொண்டு நேரே என் வீட்டுக்கு வந்துவிட்டார். பழங்காசு பார்க்கும் பைத்தியம் எனக்கு உண்டு என்பது குடியிருப்பில் எல்லாருக்கும் தெரியும்.

கடைக்காரர் சொன்னது உண்மையா? அதற்கு விடை சொல்ல இருநூறு ஆண்டுச் சரித்திரத்தைப் புரட்ட வேண்டியதாயிற்று. அன்று மேசை மீது காசுகளைப் பரப்பி வைத்துக்கொண்டு அவரிடம் சொன்னவற்றையே சற்று விரித்து இங்கே எழுதுகிறேன். இம்மலரைப் படிக்கும் குடும்பங்கள் பலவற்றிலும் இத்தகைய பை ஒன்று எங்கேனும் இருக்கக் கூடும்.

பல நாணயங்களுக்குள் நல்ல வெள்ளியை மட்டும் பொறுக்கி எடுத்து வைத்துக்கொள்ளும் வழக்கம் தமிழருக்குப் புதியதன்று. நாணயத்தின் மாற்றுப் பார்ப்பவனை நம் முன்னோர் வண்ணக்கன் என்றனர். வடமவண்ணக்கன் பேரிசாத்தனார் என்று சங்கப் புலவர் ஒருவரே இருந்திருக்கிறார். கொற்கையை அடுத்து அக்கசாலை என்றோர் ஊர் இன்றும் அப்பெயருடன் இருக்கிறது. அக்கசாலை என்றால் பொன், வெள்ளி வேலை செய்யும் கூடம். நாணயம் அடிக்கும் இடத்துக்கும் அதுவே பெயர்.

கொங்கு நாட்டில் பொள்ளாச்சி, வெள்ளலூர், காத்தாங்கண்ணி, பூதிநத்தம் முதலிய ஊர்களில் உரோமாபுரியின் வெள்ளிக் காசுகள் புதையல் புதையலாகக் கிடைத்திருக்கின்றன. காத்தாங்கண்ணியில் 1913-இல் 233 காசுகள் கிடைத்தன. தெனாரியஸ் என்பது அக்காசின் பெயர். தென்னிந்தியப் புதையல்களில் கிடைத்தவற்றுள் மிகப் பெரும்பாலானவை அகஸ்டஸ், திபேரியஸ் என்ற இரு பேரரசர்கள் அடித்தவை. அவற்றிலும் ஓரிரு வகை முத்திரைகளே திரும்பத் திரும்ப வருகின்றன. உரோமாபுரியுடன் வாணிகமோ அதன் பின்னரும் நெடுங்காலம் நடந்தது. பிறகு ஏன் பிற்காலத்துக் காசுகள் இவ்வளவு அருகிக் காணப்படுகின்றன? கி.பி. 64-இல் நீரோ மன்னன் தெனாரியஸின் எடையைக் குறைத்து, செம்பையும் கூட்டினான். மிளகையும் நீலக்கல்லையும் கொடுத்துக் காசு வாங்கிய நம் வணிகர்கள் அம்மன்னனின் முகத்தைப் பார்த்து மயங்கவில்லை. பழைய காசைத்தான் விரும்பினர் என்பது அறிஞர் பலர் கொள்ளும் கருத்து. சுருக்குப் பைக்கும் பூதிநத்தத்துப் பானைக்கும் இடையில் ஈராயிரம் ஆண்டு தொலைவு இருக்கலாம். காசு தேர்ந்த கை ஒரே கைதான்.

இனி ரூபாய்க்கு வருவோம். நம் பக்கத்தில் முன்பு வழங்கியவை வராகனும் பணமும் காசும். நாற்பத்திரண்டு பணம் ஒரு வராகன், எண்பது காசு ஒரு பணம் என்பது சென்னைப் பட்டணத்துக் கணக்கு. 1818-இல் கிழக்கிந்தியக் கம்பெனியார் சென்னை இராசதானியில் வராகனை விலக்கி, வெள்ளி ரூபாயை நிலைநாட்டினர். நூறு வராகனுக்கு 350 ரூபாய் என்று மாற்று வைத்தனர். அந்தச் சென்னை ரூபாயின் எடை 180 கிரெயின். பன்னிரண்டு பங்கில் பதினொரு பங்கு வெள்ளி, ஒரு பங்கு செம்பு. 1835-இல் கம்பெனி ஆட்சிக்குட்பட்ட பகுதி முழுவதற்கும் ஒரே ரூபாய் வேண்டும் என்று சட்டம் செய்தபோது, கல்கத்தாவின் சிக்கா ரூபாயைக் கொள்ளாமல் இந்தச் சென்னை ரூபாயின் அளவையே கொண்டனர். நூறாண்டுக்கு மேல் பெஷாவர் முதல் கன்னியாகுமரி வரை கைமாறிய ரூபாயின் நிறை நம் சென்னை வகுத்த நிறை என்பதைப் பம்பாயில் வாழும் நாம் சிறிது பெருமையோடு சொல்லிக்கொள்ளலாம்.

அந்த நிறையே தோலாவுக்கும் நிறையாயிற்று. இன்றைய கணக்கில் 11.66 கிராம், அதனுள் தூய வெள்ளி 10.69 கிராம். ஆகவே ரூபாய், காசாக மட்டுமின்றிப் படிக்கல்லாகவும் பயன்பட்டது. மூன்று ரூபாய் எடை ஒரு பலம். எட்டுப் பலம் ஒரு சேர். ஐந்து சேர் ஒரு வீசை. வைத்தியர், "சுக்கு ஒரு ரூபாய் எடை, திப்பிலி அரை ரூபாய் எடை" என்று சொன்னால் வீட்டில் உள்ளவர்கள் காசையே தராசில் போட்டு நிறுத்தார்கள். ஊர்ப் பத்தருக்கு ரூபாய் ஒரு வரப்பிரசாதம். மாற்று உரைத்துப் பார்க்க வேண்டுவதில்லை. இருபது ரூபாயை உருக்கினால் இவ்வளவு வெள்ளி என்பது திட்டம். குழந்தையின் கொலுசும் அரைஞாணும் இவ்வாறு காசிலிருந்து பிறந்தவை.

காசு நகையாவது போலவே நகை காசாவதும் அக்காலத்தில் எளிதாயிருந்தது. பம்பாய்க் கோட்டைப் பகுதியில் 1820-களில் எழுந்த நாணயசாலையை நம்மில் பலர் வேலைக்குப் போகும் வழியில் கண்டிருப்பர். மராத்தியர் அதனை டாங்க்சாள் என்பர். சென்னையில் தங்கசாலைத் தெரு இருக்கிறதல்லவா? அதற்கும் தங்கத்துக்கும் உறவில்லை; டங்கசாலை என்ற வடசொல்லே அங்கே தங்கசாலையாகவும் இங்கே டாங்க்சாளாகவும் திரிந்தது. 1893 வரை யார் வேண்டுமானாலும் வெள்ளியைக் கொண்டுபோய் அந்தச் சாலையில் கொடுத்து, சிறு கூலி போக ரூபாயாக வாங்கி வரலாம் என்பது சட்டம்.

அந்தச் சட்டத்தின் அருமை 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த பஞ்சத்தில் தெரிந்தது. தாது வருஷப் பஞ்சம் என்று நம் கிராமங்களில் இன்றும் பேசப்படுவது அதுதான். சென்னை இராசதானியிலும் மைசூரிலும் பம்பாய் இராசதானியின் தக்காணப் பகுதியிலும் இலட்சக்கணக்கான மக்கள் மாண்டனர். வறியவர்கள் காலிலும் கையிலும் அணிந்திருந்த வெள்ளியைக் கழற்றி விற்றார்கள். அவ்வாறு விற்ற நகைகள் பம்பாய் நாணயசாலைக்கு வந்து குவிந்து ரூபாயாக மாறின. அரசாங்கத்தாரின் கணக்குகளிலேயே உள்ள செய்தி இது. எத்தனை தாய்மார்களின் தண்டையும் காப்பும் அந்த உலையில் கரைந்தனவோ! அந்நாளில் அடித்த ரூபாய் நம் பையில் இருந்தால் அது வெறும் ராணித் தலையன்று.

அதே காலத்தில் உலகச் சந்தையில் வெள்ளியின் விலை சரியத் தொடங்கிற்று. ஜெர்மனி முதலிய தேசங்கள் தங்க நாணயத்துக்கு மாறித் தம் வெள்ளியை விற்றன; அமெரிக்கச் சுரங்கங்கள் மேலும் மேலும் வெள்ளியைத் தோண்டி எடுத்தன. இரண்டு ஷில்லிங் பெற்ற ரூபாய் படிப்படியாய்த் தேய்ந்து ஒரு ஷில்லிங் மூன்று பென்ஸுக்கு இறங்கிவிட்டது. இங்கிலாந்துக்கு ஆண்டுதோறும் தங்கக் கணக்கில் பணம் அனுப்ப வேண்டியிருந்த இந்திய சர்க்காருக்கு இது பெருந்தலைவலி. ஹெர்ஷல் பிரபுவின் குழுவினர் ஆராய்ந்து சொன்ன யோசனைப்படி 1893 ஜூன் மாதத்தில் நாணயசாலையின் கதவு பொதுமக்கள் கொணரும் வெள்ளிக்கு மூடப்பட்டது. சர்க்கார் தம் தேவைக்கு மட்டும் ரூபாய் அடித்தனர். பின்னர் ரூபாய்க்கு ஒரு ஷில்லிங் நான்கு பென்ஸ் என்று விலை நின்றது.

இதன் பயனாக ஒரு விசித்திரம் நேர்ந்தது. ரூபாய்க்குப் பதினாறு அணா மதிப்பு. அதனுள் இருந்த வெள்ளிக்கோ இந்நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் ஏறத்தாழ ஒன்பது அணாவே விலை. ஆகவே ரூபாயை உருக்குபவன் நஷ்டப்பட்டான். காலில் வெள்ளி அணிந்திருந்த ஏழைப் பெண்ணோ, அதை முன்போல் எடைக்கு எடை ரூபாயாக்கிக்கொள்ள முடியாமற் போயிற்று. சர்க்காரின் வரவு செலவு நேராயிற்று என்று பொருளாதார நூல்கள் இம்மாற்றத்தைப் புகழ்வதுண்டு. ஏழையின் கையிருப்பை ஒரே நாளில் சட்டம் குறைத்துவிட்டது என்று அன்றே சிலர் வாதித்தனர். எனக்கு அவர்கள் பக்கம்தான் நியாயம் தோன்றுகிறது.

முதல் உலகப் போர் இந்தத் தராசைத் தலைகீழாக்கிற்று. வெள்ளியின் விலை லண்டனில் அவுன்சுக்கு 43 பென்ஸைத் தாண்டினால், ரூபாயின் முக மதிப்பைவிட உள்ளிருக்கும் வெள்ளிக்கு விலை கூடிவிடும். 1917 ஆகஸ்டில் அந்த எல்லை வந்துவிட்டது. 1920 பிப்ரவரியில் விலை 89 பென்ஸுக்கும் மேல் சென்றது. உடனே ரூபாய்கள் சந்தையை விட்டு மறையத் தொடங்கின. நல்ல காசும் இளைத்த காசும் ஒரே மதிப்பில் வழங்கினால் மக்கள் நல்லதைப் பெட்டியில் வைத்து இளைத்ததைச் செலவிடுவார்கள் என்பது கிரஷாம் என்னும் ஆங்கில வணிகர் பெயரால் வழங்கும் விதி. நம் பாட்டிமார் கிரஷாமைப் படித்தவர்கள் அல்லர். ஆயினும் விதி தவறாமல் நடந்தார்கள். 1917-இல் ரூபாயை உருக்குவது குற்றம் என்றார்கள். அவ்வாண்டு நவம்பரில் ஒரு ரூபாய்க் காகித நோட்டு முதன்முதலாக வெளிவந்தது. காகிதத்தை நம்பாத மக்கள் நோட்டைக் கொடுத்து வெள்ளி கேட்கலாயினர். கொடுக்க வெள்ளி இல்லை. அப்போது அமெரிக்கக் காங்கிரஸ் 1918 ஏப்ரலில் பிட்மன் சட்டம் என்ற ஒன்றை நிறைவேற்றித் தம் கருவூலத்தில் இருந்த வெள்ளி டாலர்களை உருக்கி விற்க இசைந்தது. இருபது கோடி அவுன்சு வெள்ளி இந்தியாவுக்கென்று கடல் கடந்து வந்தது. அம்மையாரின் பையில் 1919-ஆம் ஆண்டு ரூபாய் இரண்டு இருந்தன. நியூயார்க்கில் டாலராக இருந்த வெள்ளி, பாளையங்கோட்டைச் சந்தையில் ரூபாயாகிப் பின்பு திலக் நகர்த் தகரப் பெட்டிக்கு வந்திருக்கக் கூடும் என்று நான் சொன்னபோது, "எங்கள் மாமியார் கப்பலே பார்த்ததில்லை" என்று சிரித்தார்.

இடையில் ஒரு வேடிக்கை. ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் முடிசூடியபின் 1911-இல் அடித்த ரூபாயில் மன்னரின் அங்கியில் ஒரு சிறு யானை பொறித்திருந்தது. தும்பிக்கை குட்டையாய் அமைந்ததால் அது பார்ப்பவர் கண்ணுக்குப் பன்றியாகத் தோன்றிற்று. இஸ்லாமிய மக்கள் மனம் வருந்தினர். சர்க்கார் வெளியீட்டை நிறுத்தி, அடித்தவற்றில் பெரும்பகுதியை உருக்கிவிட்டு, 1912-இல் யானையைத் திருத்தி மறுபடி அடித்தனர். தப்பிய 1911 ரூபாய்க்கு இன்று வெள்ளி விலைக்கு மேல் பன்மடங்கு விலை உண்டு. அம்மையார் பையில் அதைத் தேடினேன், இல்லை. 1912, 1913, 1916, 1919 என்று வரிசையாக இருந்தும் அந்த ஒன்று இல்லை.

இரண்டாம் உலகப் போரில்தான் ரூபாயின் உடம்பே மாறியது. 1940 ஜூனில் பிரான்சு வீழ்ந்த செய்தி வந்ததும் மக்கள் நோட்டைக் கொடுத்து ரூபாயை வாங்கிப் பதுக்கலாயினர். சர்க்கார் அவ்வாண்டிலேயே வெள்ளி நாணயத்தின் மாற்றைப் பாதியாகக் குறைத்தனர். நூற்றுக்கு ஐம்பது வெள்ளி, நாற்பது செம்பு, ஐந்து நிக்கல், ஐந்து துத்தநாகம். எடை பழைய எடைதான். ஆனால் தூய வெள்ளி 5.83 கிராமே. இந்தப் பாதி வெள்ளிக் காசு நாட்பட்டால் மஞ்சள் பாரித்துக் கறுக்கும். தரையில் போட்டால் ராணி ரூபாயின் கணீரென்ற ஒலி வராது. கள்ள நாணயத்தைத் தடுப்பதற்காக அதன் விளிம்பின் நடுவே ஒரு பள்ளக் கோடு இட்டு, அதனுள் நுண்ணிய வேலைப்பாடு செய்திருந்தனர். பழைய ரூபாயின் விளிம்பில் வெறும் செங்குத்து வரிகளே இருக்கும். கண்பார்வை மங்கியவர்களும் நகத்தால் தடவி இந்த வேறுபாட்டை அறியலாம்.

பிறகு பழைய முழு வெள்ளியைத் திரும்பப் பெற ஆணை பிறந்தது. விக்டோரியா ராணியின் ரூபாய் 1941 மார்ச் 31-க்குப் பின் செல்லாது. எட்வர்டு மன்னருடையது 1942 மே 31-க்குப் பின் செல்லாது. ஜார்ஜ் மன்னர்களின் முழு வெள்ளி ரூபாய் 1943 ஏப்ரல் 30-க்குப் பின் செல்லாது. செல்லாது என்று சொன்னால் மக்கள் கொண்டுவந்து கொடுத்துவிடுவார்கள் என்பது எண்ணம். கோடிக்கணக்கில் கொடுக்கவும் செய்தார்கள். கொடுக்காதவர்களின் காசுகளே இன்று நம் பெட்டிகளில் இருப்பவை. சர்க்கார் செல்லாது என்றதைத் தட்டான் செல்லும் என்றான். அவ்வளவே அவர்களுக்குத் தெரியும், அவ்வளவே போதுமாகவும் இருந்தது.

போர்க்காலத்தில் அமெரிக்காவிடம் 22 கோடி அவுன்சுக்கு மேல் வெள்ளியைக் கடனாக வாங்கியிருந்தோம். அதை வெள்ளியாகவே திருப்பித் தர வேண்டும் என்பது உடன்படிக்கை. 1947-இல் புலிப்படம் பொறித்த நிக்கல் ரூபாய் வந்தது. பாதி வெள்ளிக் காசுகள் திரட்டப்பட்டுக் கல்கத்தாவின் அலிப்பூரில் உருக்கிப் பிரிக்கப்பட்டன. 1957-இல் கடன் தீர்ந்தது. அதே 1957 ஏப்ரலில் அணாக் கணக்கு மறைந்து நயாபைசா வந்தது. அன்றாடம் கைமாறும் காசில் அதன்பின் வெள்ளி இல்லை. 1969-இல் காந்தியடிகள் நூற்றாண்டுக்கு வந்த பத்து ரூபாய் நாணயம் வெள்ளியே. ஆனால் அதைக் கடையில் கொடுத்துக் கத்தரிக்காய் வாங்கியவர் யார்?

நாற்பதுகளின் பிற்பகுதியில் என் தந்தையார் தாதரில் ஓர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தார். சம்பள நாளன்று சில்லறையை விளக்கருகே கொட்டி, பாதி வெள்ளி நாலணாவையும் எட்டணாவையும் நிக்கலினின்று பிரித்தெடுப்பது அவர் வழக்கம். எட்வர்டு மன்னர் காசில் முடியின்றி இருப்பதால் என் பாட்டியார் அவரை "மொட்டைத் தலை ராசா" என்பார். அந்த ராசா ஒருவர் கிடைத்தால் வீட்டில் அன்று பாயசம். அவ்வாறு பத்தாண்டு சேர்த்ததை என் தமக்கையின் பரீட்சைக் கட்டணத்துக்காக ஒரே மாலையில் விற்றார். என்ன விலைக்கு என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

இதையெல்லாம் மனத்தில் கொண்டு அம்மையாரின் இருபத்தேழையும் பிரித்தோம். விக்டோரியா ஆறு, அவற்றில் இரண்டு 1862 என்ற ஆண்டு தாங்கியவை. 1862 என்று கண்டதும் அரிய காசு என்று யாரும் மகிழ வேண்டாம். அதே ஆண்டையே பொறித்துப் பல ஆண்டுகள் தொடர்ந்து அடித்தார்கள். 1877 முதல்தான் ராணி என்பது பேரரசி என்று மாறிற்று. எட்வர்டு நான்கு. ஐந்தாம் ஜார்ஜ் ஒன்பது. ஆக முழு வெள்ளி பத்தொன்பது. மீதி எட்டும் விளிம்பில் பள்ளமுள்ள ஆறாம் ஜார்ஜ் காசுகள், பாதி வெள்ளி. 1939-ஆம் ஆண்டு முழு வெள்ளி ரூபாய் மிக அரியது. ஆகவே அதற்குப் போலியும் அதிகம். அதுவும் இங்கே இல்லை.

கணக்கிட்டால் பத்தொன்பதில் 203 கிராம், எட்டில் 47 கிராம், ஆக 250 கிராம் தூய வெள்ளி. கடைக்காரர் எல்லாவற்றையும் பாதி என்று கொண்டதில் 157 கிராமே தேறும். கிலோ ஓர் இலட்ச ரூபாய் என்றிருந்த அந்நாள் விலையில் வேறுபாடு ஒன்பதாயிரத்துக்கு மேல். அவர் அறிந்து செய்தாரோ, அறியாமல் செய்தாரோ. பழைய ரூபாயில் இரு வகை உண்டு என்பதை மறந்த வியாபாரிகளும் இருக்கிறார்கள்.

ஒன்று கூற மறந்தேன். அம்மையாரின் பேரன் அமெரிக்காவில் இருக்கிறான். ராணிக் காசு இரண்டை அவனுக்கு அனுப்பலாமா என்று கேட்டார். கூடாது. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டப்படி நூறாண்டு கடந்த நாணயம் தொல்பொருளாகும். அதை நாட்டுக்கு வெளியே கொண்டு செல்லத் தடை உண்டு. பேரன் இங்கு வரும்போது பார்த்துக்கொள்ளட்டும்.

மறுவாரம் நாங்கள் இருவரும் வேறொரு கடைக்குச் சென்றோம். முதலிலேயே இரு குவியலாகப் பிரித்து, ஒவ்வொன்றின் மாற்றையும் தாளில் எழுதிக் கொடுத்தோம். கடைக்காரர் ஒவ்வொரு குவியலிலும் ஒரு காசை உரைத்துப் பார்த்துத் தலையசைத்தார். பாதி வெள்ளி எட்டையும் முழு வெள்ளியில் பதின்மூன்றையும் அம்மையார் கொடுத்தார். தேய்மானமும் கழிவும் போகப் பதினேழாயிரத்துச் சொச்சம் கிடைத்தது. முதற்கடையில் இருபத்தேழுக்கும் சேர்த்துச் சொன்ன விலையைவிட இது அதிகம். முன்பணத்தில் குறைந்ததை மகன் போட்டான். விக்டோரியா ஆறும் சுருக்குப் பையிலேயே இருக்கின்றன. பை இப்போது ஐந்தாம் மாடி வாடகை வீட்டில், அரிசி டின்னுக்குப் பின்னால்.